சேத்துப்பேய்ப் படத்துக்குத் தமிழ் சொன்னவர்

மனைவி கண்ணகையைக் கனடாவுக்கு அனுப்புவதில்லை என்று வல்லிபுரம் முடிவெடுத்துவிட்டார். இறுதி முடிவு. இனி அதில் ஓர் எழுத்தும் மாறாது. முடிவெடுத்த இடம் கிணற்றடி. வீட்டுக்குள் முடிவெடுக்கும் பழக்கம் அவருக்கு இல்லை, ஏனென்றால் வீடு அவருடையதில்லை.

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் எழுதப்படும். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து சேருவார். சேர்ந்த பிறகு அந்த வீட்டில் அவருக்கென்று இருப்பது அந்தப் பெட்டியும், அவர் குந்தியிருக்கிற கதிரையும்தான். விருந்தாளி வந்தால் கதிரையும் போய்விடும். களுதாவளையில் இருக்கிற இந்த வீட்டில் வல்லிபுரம் முப்பத்தெட்டு வருடமாக இப்படித்தான் இருக்கிறார். குறை சொல்ல முடியாது. முன்னால் வீதி, பின்னால் வாவி, வாவிக்கு அங்கால் வட்டையில் நெல்வயல். வயலும் கண்ணகையுடையதுதான்.

கார்த்திகை மாதம். ஐந்து நாளாக விடாத மழை. வாவி பெருகி வேலிக்கு வந்துவிட்டது. கொடியில் போட்ட சாரன் திங்கட்கிழமை போட்டது, வெள்ளிக்கிழமையும் அதே ஈரம். இப்படியான ஒரு நாளில்தான் கண்ணகை கதவடியில் கூரியர்காரனிடம் ஒரு கடித உறையை வாங்கி, பிரித்துப் பார்த்து, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, குசினிக்குள் இருந்தபடி செய்தி சொன்னாள்.

“விசா வந்துட்டு.”

“ஆருக்கு விசர்?”

“விசர் உங்களுக்கு எப்பவும் இரிக்கு. நான் சொன்ன விசா. கனடா விசா.”

“ஓ. மறுகா எப்ப பயணம்?”

“தை பிறக்க முதல்.”

“எவ்வளவு காலத்துக்கு?”

“ஆறு மாசம்.”

“ஆறு மாசமா? ஆறு மாசமும் ஆர் எனக்குத் தேத்தண்ணி போடுற?”

“அதெல்லாம் ஒழுங்கு பண்ணியாச்சு. தேத்தண்ணிக்குக் குறை வராது.”

பக்கத்து வீட்டுக்குச் சொல்லி வைத்திருக்கிறாள் போல என்று வல்லிபுரம் நினைத்தார். பாலில்லாமல், சீனியில்லாமல், பாசமும் இல்லாமல் வேலிக்கு மேலால் நீட்டப்படும் ஒரு கோப்பை அவர் கண்ணுக்குள் வந்து போனது.

விஷயம் இதுதான். மகள் பிரஷாந்தி டொரொன்டோவில் இருக்கிறாள். இரண்டாவது பிள்ளை பிறந்து இரண்டு மாதம். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே உதவிக்கு ஆள் வேண்டும் என்று தொடங்கியவள். தினமும் பின்னேரம் தாயோடு ஒரு மணித்தியாலம் கதைப்பாள். தகப்பனோடு கதைப்பது, “அப்பா சுகமா? சாப்பிட்ட நீங்களா? அம்மாட்டக் குடுங்க” என்ற அளவில் முடியும். போன கிழமை மட்டும் ஒரு வசனம் கூடுதலாகச் சொன்னாள். “அப்பா, மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்க.” அதைக் கேட்ட நாளிலிருந்துதான் அவருக்கு மனது ஆட்டம் கண்டது.

உள்ளதைச் சொன்னால், தேத்தண்ணி ஒரு சாட்டுத்தான். வல்லிபுரத்துக்குப் பயம். தன் குரலைக் கேட்க ஓர் ஆள் இல்லாத வீட்டில் ஆறு மாதம் எப்படி இருப்பது என்ற பயம். அவர் வாயால் வாழ்ந்த மனிதர். அதுவும் இங்கிலீசு வாயால்.

அந்த இங்கிலீசின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. எண்பத்தாறாம் ஆண்டு. வல்லிபுரத்துக்கு இருபத்தாறு வயது. ஒரு வீடியோ டெக், ஒரு கலர் டீவி, ஒரு ஜெனரேட்டர், ஏழு கசெட். கலியாண வீடு, பெண் பெரியவளான சாமத்திய வீடு என்று கூப்பிட்ட இடமெல்லாம் போய்ப் படம் போடுவார். அது யுத்த காலம், பொழுதுபட்டால் ஒருவரும் வெளியே இறங்குவதில்லை. அதனால் பட்டப் பகலில் யன்னல்களுக்குச் சாக்குக் கட்டி, ஹோலை இருட்டாக்கி, சனத்தை நெருக்கி இருத்திப் படம் ஓடும். ஏழு கசெட்டில் ஆறு தேய்ந்து போயின. மிஞ்சியது ஓர் இங்கிலீசுப் படம். அட்டை கிடையாது. லேபலில் ‘அக்சன் 14’ என்று எழுதியிருந்தது. படத்தின் உண்மையான பெயர் இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

மலிவான படம். சேறும் சகதியுமான ஒரு காட்டுக்குள் கை வெட்டிய சட்டை போட்ட ஒரு பட்டாளக்காரன் துவக்கோடு திரிவான். சேற்றுக்குள் இருந்து பேய்கள் எழும்பும். மொத்தம் எட்டுப் பேய். சுட்டால் விழும், அடுத்த காட்சியில் அதே எட்டும் வேறு பக்கத்தால் வரும். அதில் ஒரு பேய் கையில் மணிக்கூடு கட்டியிருக்கும். ஹெலிகொப்டர் வரும் என்பார்கள், சத்தம் மட்டும் வரும். குண்டு வெடிக்கும், நாலு தரம் வெடித்தாலும் வெடிப்பது அதே தென்னங்குற்றி. சிவப்புத் துண்டு கட்டிய ஒரு பெண் இடைக்கிடை வந்து ஏதோ கத்திவிட்டு ஓடுவாள். கண்ணகையின் வீட்டு ஹோலில் அதைப் போட்ட அன்று, அவள் என்ன கத்துகிறாள் என்று சனத்துக்கு விளங்கவில்லை. “ஆராவது தமிழில சொல்லுங்கடா” என்று ஒரு கிழவர் சத்தம் போட்டார். வல்லிபுரம் மைக்கைக் கையில் எடுத்தார்.

அவருக்கு இங்கிலீசு தெரியாது. யெஸ் தெரியும், நோ தெரியும், தன் பெயரை எழுதத் தெரியும். ஆனால் மைக் கையில் இருந்தது, சனம் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்றரை மணித்தியாலமும் சொன்னார். சிவப்புத் துண்டுக்காரி பட்டாளக்காரனின் மனைவி என்றார். புருசனோடு கோபித்துக்கொண்டு போனவள் சேற்றுப் பேய்களிடம் அகப்பட்டுவிட்டாள் என்றார். அவளை மீட்கத்தான் இவ்வளவு துவக்குச் சூடும் என்றார். சனம் அழுதது. இரண்டாவது வரிசையில் இருந்த கண்ணகையும் அழுதாள். கண்ணகையின் தகப்பன் அழவில்லை, யோசித்தார். அடுத்த வருடம், இங்கிலீசு தெரிந்த மாப்பிள்ளை என்று சொல்லி, வீட்டையும் வயலையும் மகள் பேரில் எழுதி, அவளை அவருக்குக் கட்டிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து இந்த வீட்டுக்கு வருகிற இங்கிலீசு எல்லாம் வல்லிபுரத்தின் பொறுப்பு. மருந்துப் போத்தல், மின்சார சபைக் கடிதம், பிரஷாந்தியின் பட்டமளிப்புப் பத்திரம், எல்லாவற்றையும் கண்ணாடியைப் போட்டு, தொண்டையைச் செருமி, தமிழில் வாசித்துவிடுவார். கனடாக் கடதாசிகளும் அப்படித்தான். கண்ணகை விரல் வைத்த இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். அவளைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போய், புகைப்படம், கைரேகை அலுவல்களை எல்லாம் முடித்து, அங்கிருந்த பெண்பிள்ளையோடு தலை நிமிர்ந்து யெஸ் யெஸ் என்று கதைத்ததும் அவர்தான். எப்படியும் விசா கிடைக்காது என்ற தைரியத்தில் செய்த வேலை. கிடைத்துவிட்டது.

கிணற்றடியில் எடுத்த முடிவுக்கு ஒரு வழியும் கிணற்றடியிலேயே தோன்றியது. படத்தைக் கண்ணகைக்கு இன்னொரு தரம் போட்டுக் காட்ட வேண்டும். புருசனை விட்டுப் போகிற பெண் சேற்றில் என்ன பாடுபடுகிறாள் என்று அவள் பார்க்க வேண்டும். பக்கத்தில் இருந்து தமிழ் சொல்ல அவர் இருக்கிறார். ஒரு தரம் அழுதவள் இன்னொரு தரம் அழ மாட்டாளா?

கசெட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, குடையைப் பிடித்து, பஸ் ஏறிக் காத்தான்குடிக்குப் போனார். அங்கே ஓர் ஒழுங்கைக்குள் மஜீட்டின் கடை. மின்விசிறி, கிரைண்டர், பழைய வானொலி எல்லாம் திருத்துகிற மஜீட், அந்தக் காலத்தில் வல்லிபுரத்தின் ஜெனரேட்டருக்குக் கூடவே திரிந்தவர்.

“மஜீட், டெக் ஒண்டு இரிக்கா?”

“இரிக்கி. ஆனா மவுத்தாப் போயிட்டு.”

“உயிர் குடுக்க ஏலாதா?”

“ஹெட்டத் துடைச்சுப் பாப்பம். ஹெட் ஊத்தையானா படம் ஆடும் வல்லிபுரண்ண.”

“என்ட வீட்டில ஹெட் நல்ல துப்புரவு. நான்தான் ஆடுறன்.”

மஜீட் கசெட்டைக் கழற்றிப் பார்த்தார். நாடாவின் ஓரம் முழுவதும் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது.

“அல்லாவே! பேய்ப் படமெண்டு சொன்ன. பேய் வெளியாலயே வந்து நிக்கிதே.”

“துடை மஜீட். உனக்குப் புண்ணியமாப் போகும்.”

“துடைக்கன். ஆனா ஒருக்காத்தான் ஓடும். மறுகா என்னக் குறை சொல்லப்படா. ஆருக்குப் போட்டுக் காட்டப் போற?”

“கண்ணகைக்கு. அவள் கனடா போறாளாம். போக ஒண்ணாதெண்டு விளங்கப்படுத்தணும்.”

மஜீட் பஞ்சை ஸ்பிரிட்டில் தோய்த்தார். “பயணத்துக்கு வெளிக்கிட்ட பொம்புளைய பேய்ப் படம் போட்டு நிப்பாட்டினதா நான் இந்த வயசுக்குக் கேள்விப்படல்ல,” என்றார்.

நாடாவைக் கையால் சுற்றிச் சுற்றித் துடைக்க இரண்டு மணித்தியாலம் எடுத்தது. வெளியே மழை. சும்மா இருக்க முடியாமல் இரண்டு பேரும் அந்த நாள் ஹோலில் இருந்தவர்களை நினைத்துப் பார்த்தார்கள். தமிழில் சொல்லச் சொன்ன கிழவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடம். முன்வரிசையில் இருந்த அண்ணன் தம்பி நாலு பேரும் தொண்ணூறாம் ஆண்டு போனார்கள். எங்கே போனார்கள் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. சுனாமி என்று கடல் வந்த அன்று ஒரு குடும்பம் முழுவதுமாகப் போனது. மற்றவர்கள் லண்டன், சுவிஸ், கனடா. பெயர் சொல்லச் சொல்ல மஜீட்டின் கை மெதுவானது.

“அப்ப இஞ்ச மிச்சம் ஆர்?” என்றார் மஜீட்.

“நீ ஜெனரேட்டரடியில நிண்ட. படம் பாக்கல்ல.”

“ஓம். நான் பாக்கல்ல.”

அப்படியானால் கண்ணகை மட்டும்தான். தான் மைக் பிடித்துச் சனத்தை அழவைத்தது உண்மையிலேயே நடந்தது என்று சொல்ல, இந்த ஊரில் உயிரோடு இருக்கிற ஒரே சாட்சி. அவளும் போய்விட்டால்? வல்லிபுரம் டெக்கை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் திரும்பி வந்தபோது உள்ளுக்குள் மிகவும் பாரமாக இருந்தது. டெக்கும் பாரம்தான்.

அடுத்த நாள் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு காட்சி. யன்னலுக்குச் சாக்குக் கட்டத் தேவைப்படவில்லை, மழை இருட்டே போதும். கண்ணகை ஒரு சட்டி இறாலோடு வந்து கீழே குந்தினாள்.

“இறாலை வெச்சிட்டு வந்து ஒழுங்கா இருந்து பாரன்.”

“கை பாக்கிறது இறாலை. கண் பாக்கிறது படத்தை. நீங்க போடுங்க.”

படம் வந்தது. முதலில் கோடு கோடாக, பிறகு பச்சையாக, பிறகு உண்மையாகவே ஆட்கள் தெரிந்தார்கள். சத்தம் கரகரவென்று தகரத்தில் மணல் கொட்டுகிற மாதிரி இருந்தது. வல்லிபுரம் தொண்டையைச் செருமினார். முப்பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு அந்தக் குரல் அவருக்குத் திரும்ப வந்தது.

“இந்த வீரன்ட மனம் இண்டைக்குச் சரியில்ல. ஏனெண்டா அவன்ட மனைவி அவனை விட்டுட்டு வெளிநாட்டுக்கு…”

“வெளிநாட்டுக்கா? அண்டைக்குக் காட்டுக்குத்தானே போனாள்?”

“காடும் வெளிநாடுதான். குளிரான காடு.”

“குளிருக்கு ஏன் அவன் கை வெட்டின சட்டை போட்டிருக்கான்?”

“கவலையில குளிர் தெரியாது.”

“சரி, சொல்லுங்க.”

சிவப்புத் துண்டுக்காரி வந்தாள். துவக்கைத் தூக்கிப் பட்டாளக்காரனின் நெஞ்சுக்கு நேரே பிடித்து மூச்சு விடாமல் நீளமாக எதையோ கத்தினாள்.

“என்ன சொல்றாள்?”

“நான் செய்தது பிழை எண்டு சொல்றாள்.”

“இவ்வளவு நீளத்துக்குக் கத்தி அதையா சொல்றாள்?”

“பிழை பெரிசு. அதான் நீளம்.”

பட்டாளக்காரன் ‘நோ’ என்று ஒரு சொல் சொன்னான்.

“இப்ப இவன்?”

“நீ இல்லாம எனக்கு ஒரு வாய் சோறு இறங்கல்ல, தேத்தண்ணி இறங்கல்ல, கிணற்றடியில போய் நிண்டு அழுதன், உன்ட கொண்டைப் பூ காய்ஞ்சு போனதையும் எறியாம வெச்சிருக்கன் எண்டு சொல்றான்.”

“ஒரு சொல்லுத்தானே சொன்னான்?”

“இங்கிலீசு அப்படித்தான். சுருக்கின பாஷை.”

கண்ணகை ஓர் இறாலின் தலையை ஒடித்துப் போட்டாள். “அப்ப இவள் அவனுக்குப் பெண்சாதியா, தங்கச்சியா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“பெண்சாதி! பெண்சாதி! சொந்தப் பெண்சாதி!”

“கோபிக்காதீங்க. தெரியாமக் கேட்ட.”

பேய்கள் வந்தன. மணிக்கூட்டுப் பேயும் வந்தது. “அந்தப் பேய்க்கும் நேரமாகுதாக்கும்,” என்றாள் கண்ணகை. தென்னங்குற்றி வெடித்தது. மூன்றாவது தரம் வெடித்தபோது, “இது போன வருசம் புயலுக்கு விழுந்த நம்மட குற்றி மாதிரி,” என்றாள். அவள் அழுகிற மாதிரி ஒரு அடையாளமும் இல்லை. வல்லிபுரத்துக்கு வியர்த்தது. அழுகை கடைசிக் காட்சியில்தான் வரும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். கடைசிக் காட்சியில் பட்டாளக்காரன் இடுப்பளவு சேற்றுக்குள் இறங்கி அவளைத் தோளில் தூக்குவான். அந்த இடத்தில் கல்லும் அழும்.

பட்டாளக்காரன் சேற்றுக்குள் காலை வைத்தான். டெக்குக்குள் ‘கிறீச்’ என்றது. படம் ஒரு பக்கமாக இழுபட்டது. பிறகு திரை முழுவதும் நீலம்.

“நிண்டுட்டு,” என்றாள் கண்ணகை.

நாடா அறுந்துவிட்டது. மஜீட் சொன்ன ஒரு தரமும் முழுதாகக் கிடைக்கவில்லை. வல்லிபுரம் எழுந்து டெக்கைத் தட்டவில்லை, வயரைப் பிடுங்கவில்லை. நீலத் திரையைப் பார்த்தபடி தொடர்ந்து சொன்னார்.

“அவன் சேத்துக்குள்ள இறங்கிட்டான். அவளைப் பாத்துச் சொல்றான், நீ போனா நான் ஆரோட கதைக்கிற எண்டு.”

“படம்தான் நிண்டுட்டே.”

“படம் நிண்டா என்ன? அவன் சொல்றான். விடிய எழும்பினா ஆரிட்ட மழையைப் பற்றிச் சொல்ற? ஆர் எனக்கு ஏச இரிக்கு? என்னைத் தெரிஞ்ச ஆக்கள் எல்லாரும் போயிட்டாங்க. நீ ஒராள்தான் மிச்சம். நீயும் போனா நான் ஒரு ஆள் இருந்ததெண்டே ஆருக்கும் தெரியாமப் போயிடும் எண்டு…”

மேலே சொல்ல முடியவில்லை. அழ வேண்டியவள் பார்த்துக்கொண்டிருக்க, தமிழ் சொன்னவர் அழுதுவிட்டார். கண்ணகை சட்டியை ஒரு பக்கம் தள்ளி வைத்தாள்.

“நான் ஒரு இடமும் போகல்ல,” என்றாள். “மூக்கைத் துடையுங்க.”

“உண்மையாவா?”

“பிள்ளையாராணை. நான் போகல்ல. அந்த டெக்கைக் கழட்டி எடுங்க, அந்த இடத்தில உரச்சாக்கு வைக்கணும்.”

வென்றுவிட்டார்! வல்லிபுரத்தால் நம்பவே முடியவில்லை. அன்று பின்னேரம் மழைக்குள்ளேயே சந்திக்கடைக்குப் போய் யாரும் கேட்காமலேயே இரண்டு பேருக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். இரவு இறால் ஆணத்தோடு மூன்று தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். முப்பத்தெட்டு வருடத்தில் அந்த வீட்டில் அவர் நினைத்தது நடந்த முதல் நாள் அது. அந்த ஒரு நாளை நாமும் அவருக்கு விட்டுக் கொடுப்போம்.

மறுநாள் காலை எழும்பி வந்தபோது ஹோலின் நடுவில் ஒரு பெரிய சூட்கேஸ் திறந்து கிடந்தது. கண்ணகை அதற்குள் எதையோ மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

“இது ஆர்ட பெட்டி?”

“பெட்டி என்ட. உள்ளுக்க இரிக்கிறது உங்கட.”

எட்டிப் பார்த்தார். அவருடைய இரண்டு களிசான், நாலு சாரன், பிரஷர் மருந்து, யாரோ ஒருவரிடம் இரவல் வாங்கிய கம்பளித் தொப்பி.

“நீ போகல்ல எண்டு சொன்ன?”

“ஓம். நான் போகல்ல.”

“பிள்ளையாராணை எண்டு சொன்ன?”

“ஓம். பிள்ளையாரிட்ட நான் பொய் சொல்ல மாட்டன். நான் போகல்ல. நீங்க போறீங்க.”

வல்லிபுரம் பக்கத்தில் இருந்த கதிரையைத் தேடிப் பிடித்து இருந்தார்.

“நானா? விசா வந்தது உனக்குத்தானே?”

“கொழும்பில மெசினில ஆர்ட விரலை வெச்ச?”

“என்ட விரலை.”

“என்ட விரலை வெச்சாங்களா?”

“இல்ல. அது… குடும்பத் தலைவன்ட சம்மதத்துக்கு அவர்ட கைரேகை மட்டும் போதுமெண்டு அந்தப் பிள்ளை சொன்ன.”

“அந்தப் பிள்ளை என்ன பாஷையில சொன்ன?”

“இங்கிலீசில.”

“எனக்குத் தமிழில ஆர் சொன்ன?”

வல்லிபுரம் தலையைச் சொறிந்தார்.

“கடதாசியில ஆர்ட கையெழுத்து?”

“அது சம்மதக் கடிதம்…”

“அதையும் நீங்கதான் வாசிச்சுச் சொன்ன. பெண்சாதியை அனுப்பப் புருசன் சம்மதிக்கிறான் எண்டு நல்ல வடிவா வாசிச்ச. நான் ஒரு சொல் கூட்டவும் இல்ல, குறைக்கவும் இல்ல.”

“ஏன் கண்ணகை எனக்குச் சொல்லல்ல?”

“சொன்னா கொழும்புக்கு வந்திருப்பீங்களா?”

வல்லிபுரம் கதிரையை ஓரடி பின்னுக்கு இழுத்தார்.

“பிரஷாந்தி முதல் என்னைத்தான் கேட்ட,” என்றாள் கண்ணகை, தொப்பியை மடித்துக்கொண்டே. “மாரி வெள்ளாமை கதிராகிற நேரம். நான் போனா வயலை ஆர் பாக்கிற? நீங்களா? வரம்பில ஒருக்கா நடந்தா ஒன்பது தரம் விழுவீங்க. மறுகா அவளே சொல்றாள், மூத்தவன் லக்ஷனைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய்க் கூட்டி வரணும், ரீச்சரோட கதைக்கணும், அம்மாக்கு இங்கிலீசு தெரியாதே, அப்பா எண்டா நல்லம் எண்டு. நான் ஓம் எண்ட.”

தப்புவதற்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. முப்பத்தெட்டு வருடமாக அவர் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்காத வழி. வல்லிபுரம் தரையைப் பார்த்தார். குரல் மிகச் சின்னதாக வந்தது.

“கண்ணகை, எனக்கு இங்கிலீசு தெரியா.”

“தெரியும்.”

“இல்ல, உண்மையா எனக்குத் தெரியா.”

“அதுதான் எனக்குத் தெரியும் எண்டு சொல்றன். கலியாணத்துக்கு முதலே தெரியும்.”

“எப்படி?”

“இதே படத்தை ரெண்டு மாசம் கழிச்சு என்ட மாமிட மகள்ட சாமத்தியத்துக்கும் போட்ட நீங்க. நான் அங்கேயும் வந்த. நம்மட வீட்டில அந்தச் சிவப்புத் துண்டுக்காரி பெண்சாதி. அங்க தங்கச்சி.”

வல்லிபுரத்துக்குக் காது சுட்டது. சாமத்திய வீடு, பெரிய மனிதர்கள் இருந்தார்கள், புருசன் பெண்சாதிக் கதை வேண்டாம் என்று அன்று மாற்றியது ஞாபகம் வந்தது.

“தெரிஞ்சும் ஏன் என்னைக் கட்டின?”

கண்ணகை ஒரு சாரனை விரித்து, திரும்ப மடித்தாள். “படத்தில ஒண்டும் இல்ல. எட்டுப் பேயும் ஒரு தென்னங்குற்றியும்தான். நீங்க சொன்னதிலதான் கதை இருந்த. அது எனக்குப் பிடிச்ச.”

இப்படி ஒரு வார்த்தையை அவள் வாயிலிருந்து அவர் ஒருநாளும் கேட்டதில்லை. சந்தோஷப்படுவதா, அழுவதா என்று தெரியவில்லை.

“அப்ப என்னை ஏன் அனுப்புற?”

“நான் முப்பத்தெட்டு வருசமாக் கேட்டுட்டன். லக்ஷன் இன்னும் ஒருக்காவும் கேக்கல்ல.” சூட்கேசின் மூடியை அமத்தி, ஒரு முழங்காலை வைத்துப் பூட்டினாள். “எனக்கும் ஆறு மாசம் காது ஆறட்டும்.”

“மகளிட்டச் சொல்லு கண்ணகை. அப்பாக்கு இங்கிலீசு தெரியாதாம் எண்டு சொல்லு.”

“நான் சொல்ல மாட்டன். உங்கட பொய், நீங்களே சொல்லுங்க.”

சொல்லிவைத்த மாதிரிக் கைப்பேசி அடித்தது. கண்ணகை அதை அழுத்தி அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். திரையில் பிரஷாந்தி இல்லை. ஏழு வயது லக்ஷன், முன்பல் இல்லாத வாயோடு, மூச்சு விடாமல் இங்கிலீசில் பேசத் தொடங்கினான். வல்லிபுரத்துக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. இதுதான் சமயம். சின்னப் பிள்ளை. ‘அம்மப்பாவுக்கு விளங்கல்ல மகன்’ என்று சொன்னால் முடிந்தது. பெட்டியைத் திறந்து சாரனை எடுத்துவிடலாம்.

“பிள்ளை என்ன சொல்றான்?” என்று கேட்டாள் கண்ணகை.

லக்ஷன் பேச்சை நிறுத்திவிட்டுக் கண்ணை அகல விரித்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். வல்லிபுரம் தொண்டையைச் செருமினார்.

“அம்மப்பா வரும்வரைக்கும் தான் பள்ளிக்கூடம் போகப் போறதில்லையாம். அங்க வெள்ளையா மழை பெய்யுதாம், அதுக்குள்ள பேய் நிக்குதாம், தனிய நடக்கப் பயமாம். துவக்கோட வாறதெண்டாலும் சரியாம், வெறுங்கையோட வாறதெண்டாலும் சரியாம், கெதியா வரட்டாம்.”

“பாவம் பிள்ளை,” என்றாள் கண்ணகை. “போகத்தான் வேணும்.”

கொஞ்ச நேரத்தில் பிரஷாந்தி விமானச் சீட்டை அனுப்பியிருந்தாள். கண்ணகை கைப்பேசியை நீட்டி, இதையும் ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்க என்றாள். வல்லிபுரம் கண்ணாடியைப் போட்டார். மேலிருந்து கீழ்வரை இங்கிலீசு. நடுவில் பெரிய எழுத்தில் ஒரு சொல். அவர் வாழ்நாளிலேயே பிழையில்லாமல் தமிழில் வாசித்த முதல் இங்கிலீசுச் சொல் அதுதான்: “வல்லிபுரம்.”